ஏழு வாய்க்கு ஒரே பல்வலி

அன்று காலை பல் தேய்க்கும்போது, வலப்பக்கத்தைத் தொடாமல் இடப்பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே, என் வாழ்க்கையின் மிகப் பெரிய தீர்மானத்தை எடுத்தேன். மாலை ஆறு மணிக்குள் எங்கள் பல் கிளினிக் நிரம்பி வழிய வேண்டும்.

எங்கள் கிளினிக் என்றால் அவளுடைய கிளினிக். டாக்டர் என் மனைவி. நான் மேனேஜர். ஒரு பெயின்ட் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், அதை விட்டுவிட்டு அவளுடைய வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். நிர்வாகம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகங்களைப் படித்து நானே கற்றுக்கொண்டேன். அவற்றில் பாதிக்குக் கடைசிப் பக்கங்கள் கிடையாது. அதனால் ஒரு தொழிலை எப்படி ஆரம்பிப்பது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எப்படி முடியும் என்றுதான் தெரியாது.

அவள் இருந்தவரை இந்தக் கதையை அவள்தான் சொல்வாள். வந்தவர்கள் சிரித்து முடிக்கும்வரை நான் காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். இப்போது சொல்ல ஆள் நான்தான்.

தீர்மானத்துக்குக் காரணம் முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் நடந்தது.

"ஏங்க, பெரிய ஆஸ்பத்திரியில என்னைக் கூப்பிடுறாங்க. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் பண்ணுவாங்க. வர்றேனா இல்லையான்னு சொல்லணும்."

"இல்லைன்னு சொல்லிடு."

"ஏன்?"

"அப்ப நம்ம கிளினிக்?"

"நம்ம கிளினிக்குக்கு இன்னிக்கு யார் வந்தாங்க?"

"காலையில ஒருத்தர் வந்தாரே!"

"அவர் தையல் கடைக்கு வழி கேட்டு வந்தவர்."

"வந்தாரா இல்லையா?"

அவள் தட்டைப் பார்த்தாள். "கூட்டம் இருந்தா நான் ஏன் போறேன்? காலையிலேர்ந்து அந்த நாற்காலியை நானே துடைச்சு, நானே ஏத்தி, நானே இறக்கிப் பார்த்துக்கிட்டு இருக்கேன். எத்தனை நாளைக்கு?"

"நீ போயிட்டா நான் என்ன பண்றது?"

"வீட்டைப் பார்த்துக்கோங்க. நிர்வாகம் தெரிஞ்சவர்தானே?"

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்தப் பல்லைக் கடிக்க முடியாது. பல மாதங்களாகவே முடியாது. வலது கீழ்த் தாடையின் கடைவாய்ப் பல். அதன் மேல் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் நான் நிர்வாகம் செய்துகொண்டிருந்தேன். பல் டாக்டரின் வீட்டில் கிராம்பு வாசனை வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

அவளிடமே காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்பவர்கள் வாயை மரத்துப்போக வைக்கும் அந்த மரப்பு ஊசியைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தாலும் அதன் முனையைத்தான் பார்த்திருப்பார்கள். நான் அதை முழு நீளத்தில் பார்த்தவன். பெட்டி பெட்டியாக வாங்கி அலமாரியில் அடுக்குகிறவன் நான்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். எனக்கு ஏழு நோயாளிகள் தேவைப்பட்டார்கள். எதிர்வீட்டு அக்கா, பணி ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர், கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் என் மச்சினன், என்னோடு காலையில் நடக்க வருகிற நால்வர். எல்லோரையும் பூங்காவில் கூட்டினேன். நிலைமையை விளக்கினேன். மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் வந்து உட்கார வேண்டும், ஒருவரை ஒருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, உள்ளே போனால் பல்வலி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"மாமா, எனக்குப் பல்லே வலிச்சதில்லையே. வலிச்சா எப்படி இருக்கும்?" என்றான் மச்சினன்.

கேட்டானே ஒரு கேள்வி! மாதக்கணக்கில் யாரிடமும் சொல்ல முடியாமல் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது.

"வலது பக்கம், கீழே, கடைசிக்கு முந்தின பல்லு. குளிர்ந்த தண்ணி பட்டா சுண்டி இழுக்கும். இழுத்துட்டு உடனே விடாது. கொஞ்ச நேரம் நின்னு நிதானமாப் போகும். சூடா எது பட்டாலும் அப்படித்தான். குனிஞ்சா துடிக்கும். படுத்தா காதுக்குள்ள யாரோ கம்பியை விட்டுத் திருகுற மாதிரி இருக்கும். விடிஞ்சதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி சாதுவா உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்தாத்தான் இன்னும் ஆத்திரம் வரும்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி, இவ்வளவு விவரமா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பல் டாக்டர் புருஷனுக்குத் தெரியாதா அக்கா?"

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் ஹெட்மாஸ்டர். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் ஒப்பித்துக் காட்டினார். மற்றவர்களையும் வரிசையாக ஒப்பிக்க வைத்தார். 'திருகுற மாதிரி' என்பதை விட்டுவிட்ட ஒருவரை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். இவரை ஏன் இத்தனை நாள் நிர்வாகத்தில் சேர்க்காமல் போனோம் என்று தோன்றியது.

மூன்று மணிக்குக் கிளினிக்கின் முன் அறை நிரம்பியது. ஏழு நாற்காலியிலும் ஏழு பேர். ஒவ்வொருவர் கையும் அவரவர் வலது கன்னத்தில். உள்ளறைக்கும் முன் அறைக்கும் நடுவே பாதி உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு மேலாக அவள் தலை எட்டிப் பார்த்தது. நான் பார்க்காத மாதிரி பேனாவைத் தட்டினேன்.

"என்னங்க இது, இவ்வளவு கூட்டம்?"

"ஊர்ல பல்வலி சீசன் போலிருக்கு டாக்டர்."

"பல்வலிக்கு ஏது சீசன்?"

"பேர் பரவ ஆரம்பிச்சாச்சு. அதான்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வை குளிர்ந்த தண்ணீர் மாதிரி. உடனே போகாது.

"முதல் ஆளை அனுப்புங்க."

அக்கா உள்ளே போனார். கதவு ஆடி நின்றது. நான் காதைத் தீட்டிக்கொண்டேன். பல் குடையும் மெஷினுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் ஓடும் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. நேரம் போனது. அக்கா வெளியே வந்தார். வாய் நிறையப் பஞ்சு.

"அக்கா, என்ன கேட்டா?"

அக்கா வாயைச் சுட்டிக்காட்டினார். பேசக்கூடாது என்று கையை ஆட்டினார்.

"சந்தேகப்பட்டாளா?"

அக்கா மேலே பார்த்தார். மேலே மின்விசிறிதான் இருந்தது.

"அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது! மருந்து வச்சிருக்கேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அடுத்தது!"

அடுத்தவர் போனார். பஞ்சோடு வந்தார். அதற்கடுத்தவர் போனார், பஞ்சோடு வந்தார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அரை மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், வெளியே உட்காருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். என் ஆட்கள் ஒவ்வொருவராகக் கன்னம் உப்பி, பேச்சிழந்து, என் எதிரிலேயே வரிசையாக உட்கார்ந்தார்கள். என்னையே பார்த்தார்கள். அந்தக் கண்களில் பரிதாபம் இருந்தது. யாருக்கான பரிதாபம் என்றுதான் தெரியவில்லை.

காட்டிக்கொடுத்துவிட்டார்களா? இல்லையென்றால் ஏன் இப்படிப் பார்க்கிறார்கள்? ஒருவரிடம் பேனாவையும் காகிதத்தையும் நீட்டினேன். அவர் வாங்கி, ஏதோ எழுதப் போனார்.

"எழுதவும் கூடாது!" என்றது உள்ளறை. "தலை குனிஞ்சா பஞ்சு நகரும்!"

அவர் பேனாவை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்து ஹெட்மாஸ்டர். சட்டையைச் சரிசெய்துகொண்டு, மேடையேறப் போகிறவர் மாதிரி எழுந்தார். அவர் கதவைத் தள்ளும்போதுதான் எனக்கு அது உறைத்தது. ஹெட்மாஸ்டருக்குப் பல்லே கிடையாது. மேலும் கீழும் முழுவதும் பல்செட். அந்தப் பல்செட்டைச் செய்தவளே என் மனைவிதான்.

"சார்!" என்று எழுந்தேன். கதவு மூடிக்கொண்டது.

இந்த முறை கம்ப்ரஸர் ஓடவில்லை. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஹெட்மாஸ்டர் கணீரென்று ஒப்பித்தார். வலது பக்கம், கீழே, கடைசிக்கு முந்தின பல். சுண்டி இழுக்கும். உடனே விடாது. குனிந்தால் துடிக்கும். காதுக்குள் கம்பி. ஒன்றையும் விடவில்லை. முடித்த பிறகு அவள் குரல் மிகவும் அமைதியாக வந்தது.

"எவ்வளவு நாளா சார் இப்படி வலிக்குது?"

"அதை... சொல்லித்தரலையேம்மா."

முன் அறையில் ஐந்து வாய்ப் பஞ்சும் ஒரே சமயத்தில் நடுங்கியது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட நாற்காலி என்னைப் பிடித்துக்கொண்டது என்பது சரி.

ஹெட்மாஸ்டர் வெளியே வந்தார். பஞ்சு இல்லை. ஆனால் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார். மெருகு போட வேண்டும் என்று பல்செட்டை அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். இனி அவராலும் பேச முடியாது. உள்ளே போய் வந்த சாட்சிகள் எல்லோரும் வாயடைக்கப்பட்டார்கள்.

இந்த நேரம் பார்த்து ஒருவர் உள்ளே வந்தார். கையில் ஹெல்மெட். வலது கன்னம் நிஜமாகவே வீங்கியிருந்தது. நான் அழைக்காத ஆள். உண்மையான நோயாளி! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"வாங்க வாங்க, உட்காருங்க!"

அவர் உட்காரவில்லை. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். உப்பிய கன்னங்கள். கலங்கிய கண்கள். கைக்குட்டையால் வாயைப் பொத்திய ஒரு பெரியவர்.

"ஏன் சார்... ரொம்ப வலிக்குமா?"

"சேச்சே, வலிக்காதுங்க," என்றேன். எனக்குப் பொய் வராது. "ஊசி போட்டுட்டா ஒண்ணும் தெரியாது."

"ஊசியா?"

"சின்ன ஊசிதான்." கை தானாக நீளத்தைக் காட்டிவிட்டது. "அதுவரைக்கும் நாற்காலிக் கைப்பிடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாப் போதும்."

"வண்டியை வெயில்ல நிறுத்திட்டேன். தள்ளி வச்சுட்டு வந்துடுறேன்," என்றார் அவர். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நிற்கும் சத்தம் கேட்கவே இல்லை.

திரும்பினேன். கண்ணாடிக் கதவுக்கு மேலே அவள் தலை. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

கடைசியாக மச்சினன் போனான், பஞ்சோடு வந்தான். சொந்தத் தம்பி என்ற சலுகைகூட இல்லை.

"அடுத்தது!"

"எல்லாரும் ஆச்சு டாக்டர்."

"இல்லையே. இன்னும் ஒருத்தர் பாக்கி. உள்ளே வாங்க."

உள்ளே போனேன். அவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டிக்கொண்டிருந்தாள். அது நல்ல அறிகுறி இல்லை.

"உட்காருங்க."

"நின்னுக்கிட்டே பேசலாமே."

"ஏழு பேருக்கும் வலது கீழ்க் கடைவாய். கடைசிக்கு முந்தினது. ஏழு பேருக்கும் காதுக்குள்ள கம்பி."

"தொத்து வியாதியா இருக்குமோ?"

"ஏழு வாயிலயும் தட்டிப் பார்த்தேன். ஆறு பேருக்கு அந்தப் பல் கல்லு மாதிரி இருக்கு. ஒருத்தருக்குப் பல்லே இல்லை. ஆனா இப்படி ஒரு வலியைக் கற்பனையிலேர்ந்து யாராலயும் சொல்ல முடியாது. குளிர் பட்டா நின்னு நிதானமாப் போகும்னு புத்தகத்துலகூட இவ்வளவு சரியா எழுதலை. அப்ப அந்த வலி எங்கேயோ ஒரு வாயில இருக்கணுமில்ல? எந்த வாய்?"

நான் வாயைத் திறக்கவில்லை. அதுவே பதிலாகிவிட்டது.

"எத்தனை மாசமா?"

"இப்பத்தான்... கொஞ்சம்..."

"இதனாலதான் தினமும் காபியை ஆற வச்சுக் குடிக்கிறீங்களா? நான்கூட என் காபி பிடிக்கலையோன்னு நினைச்சு டிகாஷனை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருந்தேன்!"

அவள் குரல் லேசாக உடைந்தது. கோபமாக இருந்தால் தாங்கிக்கொள்வேன். இது எனக்குப் பழக்கமில்லை.

"நீ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன்னுதான் இவ்வளவும் பண்ணேன்," என்றேன். "கூட்டம் வந்தா போகமாட்டேன்னு சொன்னியே."

"கூட்டம் ஏன் வரலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"போர்டு சின்னதா இருக்கு. நான் அப்பவே சொன்னேன்..."

"போர்டு இல்லைங்க. நீங்க. வாசல்ல வர்றவங்க எல்லாரும் முதல்ல உங்களைத்தான் கேக்குறாங்க, வலிக்குமான்னு. வலிக்காதுன்னு உங்க வாய் சொல்லுது, மூஞ்சி கதறுது. நான் உள்ளே மெஷினைப் போட்டா நீங்க வெளியே கண்ணை மூடிக்கிறீங்க. எவன் உட்காருவான்? ஹெல்மெட் போட்டுக்கிட்டு வந்தவனே ஓடிப்போயிட்டான்!"

என் புத்தகங்கள் எதிலும் மேனேஜரின் மூஞ்சியைப் பற்றி எழுதியிருக்கவில்லை. கிழிந்துபோன பக்கங்களில் இருந்திருக்கலாம்.

"ஆறு மணிக்கு போன் வரும்," என்றாள். "அதுக்குள்ள நீங்க இந்த நாற்காலியில ஏறினா நான் வரலைன்னு சொல்லிடுறேன். ஏறலைன்னா நாளைக்கே அங்கே போறேன். என் புருஷனே என்னை நம்பி வாயைத் திறக்கலைன்னா ஊர் ஏங்க திறக்கும்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். கதவைப் பார்த்தேன். கதவுக்கு மேலே வரிசையாக ஏழு தலைகள். ஒருவருக்கும் பேச்சு வராது. ஆனாலும் ஏழு பேரும் கையை நாற்காலியின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஊசி சின்னதுதானே?" என்றேன்.

"வெளியே கை நீட்டிக் காட்டினீங்களே, அதைவிடச் சின்னது."

ஏறினேன். நாற்காலி பின்னால் சாய்ந்தது. விளக்கு கண்ணைக் குத்தியது. கைப்பிடியைப் பிடித்தேன். அவள் என் நெற்றியில் இடது கையை வைத்துக்கொண்டாள். அது டாக்டர் கை இல்லை. சமையலறையில் அப்பளம் பொரிக்கும்போது என் கையைத் தள்ளிவிடுகிற கை. "மூக்கால மூச்சு விடுங்க," என்றாள். ஏதோ சுருக்கென்றது. எறும்பு கடித்த மாதிரி. ஊசிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

"எப்பப் போடப் போறே?"

"போட்டு முடிச்சாச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதற்காகவா இத்தனை மாதம்!

பல்லைக் குடைந்தாள், நரம்பை எடுத்தாள், அடைத்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்தபோது என் முகத்தின் வலது பாதி யாரோ ஒருவருடையதாக இருந்தது. உதடு எங்கே முடிகிறது, மேஜை எங்கே ஆரம்பிக்கிறது என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரிந்தது. என் வாயிலும் பஞ்சை வைத்தாள்.

"போய் வாசல்ல உட்காருங்க. பேசக் கூடாது."

ஆறு பேருக்கும் அவள் பஞ்சை எடுத்துவிட்டாள். ஹெட்மாஸ்டருக்குப் பல்செட் பளபளவென்று திரும்பக் கிடைத்தது. ஏழு பேரும் என்னென்னவோ சொல்லிச் சிரித்தார்கள். பதில் சொல்ல முடியாதவன் நான் ஒருவன்தான். எல்லோரும் போனார்கள்.

ஆறு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஓர் அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். கன்னத்தில் கை.

"தம்பி, வலிக்குமா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வாய் எடுபடவில்லை. முகத்தைச் சுளிக்கப் பார்த்தேன். ஒரு பாதி சுளிக்க மறுத்தது. மரத்துப்போன உதடு ஒரு பக்கம் தொங்கி, தானாகவே ஏதோ ஒரு கோணத்தில் நின்றது.

"அடடா, எவ்வளவு சாந்தமாச் சிரிக்கிறீங்க," என்றார் அந்த அம்மாள். உட்கார்ந்தார்.

பின்னாலேயே ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். மகள் வாசற்படியிலேயே நின்று அழுதாள். அதற்குள் உள்ளே போயிருந்த அம்மாளுக்கு மெஷின் ஓடும் சத்தம் கேட்டு, நான் கண்ணை மூட முயன்றேன். ஒரு கண்தான் மூடியது. குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துத் திரும்பக் கண்ணடித்தாள். உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னொருவர் உட்கார்ந்தார்.

போன் அடித்தது. ஆறு மணி. அவள் வந்து எடுத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நிர்வாக வாழ்க்கையில் அவ்வளவு நேரம் மூச்சை அடக்கியதில்லை.

"வணக்கம் சார். மன்னிச்சுக்கோங்க, என்னால வர முடியாது. இங்கே கூட்டம் இருக்கு சார். ஆமா, திடீர்னுதான். இல்லை சார், புது மெஷினெல்லாம் இல்லை. ஒரு நல்ல மேனேஜர் கிடைச்சிருக்கார். வாயே திறக்க மாட்டார்."

ரிசீவரை வைத்தாள். என் கன்னத்தை மெல்லத் தட்டினாள். தட்டியது எனக்குத் தெரியவில்லை. எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்த மரப்பு எப்போது விடும் என்று கையால் கேட்டேன்.

"ராத்திரி சாப்பிடுறதுக்குள்ள விட்டுடும்," என்றாள். "கவலைப்படாதீங்க. காலையில கதவைத் திறக்குறதுக்கு முன்னாடி இடது பக்கம் ஒண்ணு போட்டுடுறேன்."